கண்ணாடிக்குள் இருந்த வில்

ஒரு நாளைக்குப் பதினான்கு தலைகள். மழை நாளில் குறையும், மாத முதல் வாரத்தில் இருபதைத் தொடும். பத்தொன்பது வருடமாக இதுதான் அவருடைய சராசரி. "எத்தனை பெரிய மனுஷங்க என் முன்னால தலை குனிஞ்சிருக்காங்க தெரியுமா?" என்று அவர் கேட்டால், எதிரில் இருப்பவர் தன்னையறியாமல் தன் பிடரியைத் தடவிப் பார்த்துக்கொள்வார்.

தெருவில் எல்லோருக்கும் அவர் கத்தரியக்கா. அவரைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். கடை சிறியது. இரண்டு நாற்காலி, ஒரு தலை கழுவும் தொட்டி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. எதிர்ச் சுவரில், அவருடைய முதுகுக்குப் பின்னால், கடிகாரம். திரும்பிப் பார்க்க அவருக்கு நேரம் இருக்காது. நேரம் பார்ப்பது, தெருவில் யார் போகிறார்கள் என்று பார்ப்பது, எதிர்க்கடையின் பெயர்ப் பலகையில் புதிதாக என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படிப்பது எல்லாமே கண்ணாடி வழியாகத்தான். வாடிக்கையாளர்களிடம் பேசும்போதுகூட, பக்கத்தில் இருக்கும் முகத்தைப் பார்க்காமல் கண்ணாடியில் இருக்கும் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார்.

அவருக்கு வில் பிடிக்கத் தெரியும் என்பது போன வருடம் வரை அவருக்கே தெரியாது.

மாதம் ஒரு முறை முடி வெட்ட வருபவர் ஒருவர் உண்டு. விளையாட்டு மைதானத்தின் பின்பக்கம் அம்பு எய்யக் கற்றுக்கொடுக்கும் பயிற்சியாளர். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். முடி வெட்டும்போதும் கழற்ற மாட்டார், போர்வைக்கு மேலே எடுத்துப் போட்டுக்கொள்வார். அதனால் அவர் பெயரே விசில். ஒரு நாள் நாற்காலியில் உட்கார்ந்தபடி கண்ணாடியில் அவர் கத்தரியக்காவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இவ்வளவு நேரமா கைய தூக்கியே வச்சிருக்கீங்களே, வலிக்கலையா?"

"வலிச்சா யாரு மாஸ்டர் வெட்டுறது? நீங்களே வெட்டிக்குவீங்களா?"

"எங்கிட்ட வர்ற பசங்க பத்து அம்பு விட்டதும் தோள் போச்சுன்னு உக்காந்துடுறாங்க. நீங்க ஞாயித்துக்கிழமை ஒரு தடவை வந்து பாருங்களேன்."

ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. வேடிக்கை பார்க்கத்தான் போனார். விசில் அவருடைய இரண்டு உள்ளங்கைகளையும் சேர்க்கச் சொல்லி, நடுவில் சிறு இடைவெளி விட்டு, அதன் வழியே தூரத்தில் இருந்த கம்பத்தைப் பார்க்கச் சொன்னார். ஒரு கண்ணை மூடு, மறு கண்ணை மூடு. வலது கண்ணால் பார்த்தபோது கம்பம் காணாமல் போனது. இடது கண்ணால் பார்த்தபோது அப்படியே நின்றது.

"உங்களுக்குக் குறி பாக்குற கண்ணு இடது."

"நான் எல்லாம் வலது கையிலதானே மாஸ்டர் பண்றேன்?"

"கத்தரி எந்தக் கையில வேணா இருக்கட்டும். அம்பு கண்ணு சொல்றதைத்தான் கேக்கும். நீங்க இடது கையாலதான் இழுக்கணும்."

இங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. இடது கையால் நாணை இழுப்பவருக்கு வில்லே வேறு. கத்தரியில் இடக்கைக் கத்தரி தனியாக இருப்பதுபோல. வில்லின் நடுப்பிடியில் அம்பு உட்கார ஒரு வெட்டு இருக்கும். நாண் நம் பக்கமாக இருக்கும்படி வைத்துப் பார்த்தால், வலக்கை வில்லில் அந்த வெட்டு இடப்பக்கம், இடக்கை வில்லில் வலப்பக்கம். ஒன்றை எடுத்து மற்றவர் எய்ய முடியாது. மைதானத்தில் பயிற்சி வில்கள் ஒரு அலமாரி நிறைய இருந்தன. அதில் இடக்கை வில் ஒன்றே ஒன்று. அதை வைத்துத்தான் கத்தரியக்கா ஞாயிறுதோறும் பழகினார், பிறகு வியாழன் மாலையும், பிறகு கடை சீக்கிரம் முடியும் நாளெல்லாம்.

ஒரு வருடத்தில் பெண்கள் பிரிவில் மூன்றாவது இடத்துக்கு வந்துவிட்டார். பக்கத்து ஊர்ப் போட்டிக்குப் போகும் அணியில் மூன்று பேருக்குத்தான் இடம். நான்காவதாக இருந்தவர் அந்தப் பகுதிக்குக் கடிதம் கொண்டுவரும் தபால்காரம்மா. இருவரும் நல்ல சிநேகிதிகள், ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல் வம்பு இழுத்துக்கொள்பவர்கள்.

பயிற்சி வில் மைதானத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்பது சங்கத்தின் விதி. போட்டிக்குப் போகிறவர்கள் சொந்த வில்லோடுதான் போக வேண்டும். விளையாட்டுச் சாமான் கடையில் கேட்டால், இடக்கை வில் புதிதாக வரவழைக்க மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். ஆக, யாரோ பயன்படுத்திய பழைய வில் ஒன்றை இணையத்தில் பிடிப்பதுதான் வழி.

ஆறு மாதம் தேடினார். தலை கழுவிவிட்டுத் துண்டு சுற்றும் இடைவெளியில், சாயம் ஊறும் நேரத்தில், சாப்பாட்டுக்கு நடுவில் என்று விரல் போன் திரையைத் தள்ளிக்கொண்டே இருக்கும். பழைய பொருள் விற்கும் தளத்தில் வில் வரும். எல்லாம் வலக்கை. ஒரு தடவை இடக்கை என்று போட்டு வந்தது, போய்க் கேட்டால் சின்னப் பிள்ளைகள் வில், அவருடைய இடுப்புக்குத்தான் வந்தது.

அவர் கணவர் மின்தூக்கி பழுது பார்ப்பவர். ஊரில் உள்ள உயரமான கட்டடம் எல்லாவற்றிலும் ஒரு முறையாவது மாட்டிக்கொண்டவர். தினமும் சாப்பிட உட்காரும்போது கேட்பார்.

"உன் இடதுகை மாப்பிள்ளை இன்னிக்கும் வரலையா?"

"வருவாரு. நீங்க முதல்ல கைய கழுவுங்க. கிரீஸு வாடை."

"ஆறு மாசமா ஒரு மாப்பிள்ளை தேடுறாங்க, ஒண்ணு கூட அமையல. நான்லாம் முதல் போட்டோவுலேயே ஓகே ஆயிட்டேன்."

"அந்த போட்டோவுல நிறைய முடி இருந்துச்சு."

அணிப் பெயர்களை அனுப்பும் கடைசி நாள் ஒரு வியாழக்கிழமை. மாலை ஏழு மணிக்கு விசில் பட்டியலை அனுப்பிவிடுவார். கத்தரியக்கா சொந்த வில்லோடு வந்தால் அவர் பெயர். இல்லையென்றால் தபால்காரம்மா பெயர். புதன்கிழமை கடிதம் போட வந்த தபால்காரம்மா கடை வாசலில் சைக்கிளை நிறுத்தாமலே கேட்டுவிட்டுப் போனார்: "என்னக்கா, நான் துணி மூட்டை கட்டட்டா வேண்டாமா?"

"கட்டு கட்டு. நான் திரும்பி வந்ததும் துவைக்கக் குடுக்க வசதியா இருக்கும்."

வாய்தான் அப்படிச் சொன்னது. வியாழன் பிற்பகல் வரை வில் கிடைக்கவில்லை.

அன்று மாலை நான்கு மணிக்குக் கணவர் முடி வெட்டிக்கொள்ள வந்தார். பெஞ்சில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் செய்தித்தாளோடு காத்திருந்தார். கத்தரியக்கா கணவருடைய வலது பக்கத்தை முடித்தார். கத்தரியைத் துடைக்கும் இடைவெளியில் போனைத் திறந்து, வழக்கமான தளத்தைத் தள்ளிப் பார்த்தார். பழைய படங்களே வந்தன.

"காட்டு, நானும் பாக்குறேன்" என்றார் கணவர், போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி.

"என்ன பாக்கப் போறீங்க? எல்லாம் வலது. இதோ இது மூணு வாரமா கிடக்குது. அழகான வில்லு, என்ன பிரயோஜனம்?"

படத்தில் வில் ஒரு நாற்காலியில் சாய்ந்து நின்றது. பின்னால் வெறும் சுவர், சுவரில் ஒரு கடிகாரம். கீழே எழுதியிருந்தது இவ்வளவுதான்: நல்ல வில். நீளமானது. நேரில் வந்து பார்க்கலாம். நாண் நம் பக்கமாக இருக்க, நடுப்பிடியின் வெட்டு இடப்பக்கம் தெளிவாகத் தெரிந்தது.

கணவர் படத்தைப் பெரிதாக்கினார். சுருக்கினார். மறுபடி பெரிதாக்கினார். எந்தப் பொருளைப் பார்த்தாலும் அதில் என்ன கோளாறு என்று தேடுவது அவர் தொழில்.

"ஏம்மா, இந்த ஆளு காலையில ஏழே முக்காலுக்கு போட்டோ எடுத்திருக்காரு போல."

"ஏழே முக்காலா? நாலு இருபதுன்னு தெளிவா காட்டுது. கண்ணாடி போடுங்கன்னா கேக்குறீங்களா?"

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. முள்ளு ரெண்டும் இந்தப் பக்கம் இருக்கு, ஏழு நாப்பது. ஆனா எண்ணெல்லாம் ஏன் திரும்பி நிக்குது?"

"எங்க திரும்பி நிக்குது? எல்லாக் கடிகாரமும் மாதிரிதானே…"

கத்தரியக்கா அங்கேயே நிறுத்திவிட்டார். கண்ணாடியில் தெரிந்த தன் கடையின் கடிகாரத்தைப் பார்த்தார். போனில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, வருடக்கணக்கில் செய்யாத ஒரு காரியம் செய்தார். முழுதாகத் திரும்பி, சுவரில் இருந்த அசல் கடிகாரத்தைப் பார்த்தார்.

போனில் இருந்தது கண்ணாடியில் விழுந்த உருவம். வில்லைக் கண்ணாடி முன்னால் வைத்து, கண்ணாடியைப் படம் எடுத்திருக்கிறார்கள். பத்தொன்பது வருடமாகக் கண்ணாடி வழியாகவே நேரம் பார்த்தவருக்கு அந்தக் கடிகாரம் நேராகத் தெரிந்துவிட்டது. கடிகாரம் திரும்பியிருந்தால் வில்லும் திரும்பியிருக்கிறது. படத்தில் வெட்டு இடப்பக்கம் என்றால், நிஜத்தில் வலப்பக்கம்.

"ஏங்க" என்றார். குரல் மெதுவாக வந்தது. "மூணு வாரமா என் மாப்பிள்ளை என் கண்ணு முன்னாலேயே நின்னுக்கிட்டு இருந்திருக்காரு."

விற்பவருக்குச் செய்தி போனது. பதில் உடனே வந்தது: அஞ்சு மணிக்கு ஒருத்தர் வாங்க வர்றார். அவர் எடுக்கலேன்னா சொல்றேன்.

கூடவே முகவரியும் இருந்தது. ஊரின் மறு கோடி.

கத்தரியக்கா ஒரே இழுப்பில் கணவர் கழுத்திலிருந்த போர்வையை உருவினார்.

"ஸ்கூட்டர் சாவி எங்க?"

"இரு இரு. இடது பக்கம்?"

"இடது பக்கத்துக்குத்தான் போறோம்."

"என் தலையைச் சொன்னேன்மா."

வாத்தியார் செய்தித்தாளை மடித்தார். "அப்ப என் தலை?"

"நாளைக்கு முதல் தலை உங்களுது சார். சத்தியமா." வாசல் பலகையைத் திருப்பிப் போட்டுவிட்டு அவர் ஏற்கெனவே தெருவில் இருந்தார்.

ஸ்கூட்டரில் கத்தரியக்கா பின்னால் உட்கார்ந்து வழி சொன்னார். வழி சொன்னார் என்பதைவிட விரட்டினார் என்பதே சரி. ஒவ்வொரு சிக்னலிலும் கணவரின் முதுகில் தட்டினார். மூன்றாவது சிக்னலில் கணவர் சொன்னார்: "நான் மெக்கானிக். விளக்கு பச்சையாகுறதுக்கு முதுகுல பட்டன் கிடையாது."

முகவரியில் ஒரு ரொட்டி அடுமனை இருந்தது. விற்பவர் அதன் உரிமையாளர். விடியலுக்கு முன்பே எழுந்து அடுப்பு மூட்டுகிறவர், பிற்பகல் தூங்கி அப்போதுதான் எழுந்திருந்தார். கண்ணிமையில்கூட மாவு இருந்தது. அடுமனைக்குப் பின்னால் ஒரு ஒடுக்கமான அறை. அதில் ஒரு கட்டில், கதவில் கண்ணாடி பதித்த ஒரு பீரோ, எதிர்ச் சுவரில் கடிகாரம்.

அந்த அறையில் வில் ஏற்கெனவே வேறொருவர் கையில் இருந்தது.

அவர் கடைகளுக்குள் அலங்காரம் செய்து கொடுப்பவர். சட்டைப் பையில் அளவு நாடா. ஐந்து மணிக்கு என்றவர் சீக்கிரமே வந்துவிட்டார். உற்சாகமாக இருந்தார். வில்லை வலது கையில் பிடிப்பதா, இடது கையில் பிடிப்பதா என்று மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, ஏதோ ஒரு கையால் நாணைக் காது வரைக்கும் இழுத்தார். அம்பு இல்லை. வெறும் நாண். "எப்படி இருக்கு?" என்று பீரோ கண்ணாடியில் தன்னையே பார்த்துக் கேட்டார்.

"விடாதீங்க" என்றார் கத்தரியக்கா வாசலிலிருந்து.

அலங்காரக்காரர் இழுத்தபடியே தலையைத் திருப்பினார்.

"நாணை விட்றாதீங்க சார். அம்பு இல்லாம விட்டா அந்த வேகம் முழுக்க வில்லுலேயே இறங்கும். மேலயும் கீழயும் இருக்குற பட்டை பிளந்துடும். உங்க முகத்துல தெறிக்கும்."

"இப்ப நான் என்ன பண்ணணும்?" அவருடைய முழங்கை ஆட ஆரம்பித்திருந்தது.

"ஒண்ணும் பண்ணாதீங்க. நான் வர்றேன். மூச்சு விடுங்க."

"விடக் கூடாதுன்னீங்களே."

"மூச்சை விடலாம்."

பக்கவாட்டில் போய், அவருடைய விரல்களுக்கு மேலும் கீழும் தன் விரல்களை நாணில் கொக்கியாக மாட்டினார். இருவருமாக, அங்குலம் அங்குலமாக, நாணை அதன் இடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். வில் அமைதியானது. அலங்காரக்காரர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் கணவர் உள்ளே வந்து தலைக்கவசத்தைக் கழற்றினார். மூவரும் அவருடைய தலையைப் பார்த்தார்கள். வலது பக்கம் திருத்தமாக, இடது பக்கம் காதை மூடிக்கொண்டு.

"அவசரமா கிளம்பிட்டோம்" என்றார் கணவர்.

கத்தரியக்கா வில்லைக் கையில் வாங்கினார். வெட்டு வலப்பக்கம் இருந்தது. வலது உள்ளங்கை பிடியில் போய் உட்கார்ந்த விதத்தில் அவருக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் முகத்தில் காட்டவில்லை.

"சார், இது இடக்கை வில்லு" என்றார் அலங்காரக்காரரிடம். "படம் கண்ணாடியில எடுத்தது. உங்களால இதுல எய்ய முடியாது." இது தன்னுடைய துருப்புச் சீட்டு என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தார்.

"பரவால்லைங்க. நான் எங்க எய்யப் போறேன்? ஒரு ஓட்டலுக்கு உள் அலங்காரம் பண்றேன். சுவத்துல பெரிய இடம் காலியா இருக்கு. மாட்டி வச்சா கம்பீரமா இருக்கும்ல?"

துருப்புச் சீட்டு செல்லாமல் போயிற்று. சுவருக்கு வலக்கை, இடக்கை கிடையாது.

அடுமனைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுக்கு முன்னாடியும் ரெண்டு பேர் வந்தாங்க. கையில பிடிச்சுப் பாத்துட்டு, எனக்கு ஒத்துவராதுன்னு போயிட்டாங்க. ஏன்னு ஒருத்தரும் சொல்லல. அறை குறுகல், முழு வில்லும் போனுக்குள்ள வரலைன்னு கண்ணாடியில எடுத்தேன். கண்ணாடியில பாத்தா தூரமா தெரியும்ல?" பிறகு தலையைச் சொறிந்தார். மாவு உதிர்ந்தது. "ஆனா தங்கச்சி, இவரு போன வாரமே சொல்லி வச்சுட்டாரு. வாக்கு குடுத்துட்டேன்."

கத்தரியக்கா கெஞ்சவில்லை. "இது யாரோட வில்லு அண்ணே?" என்று கேட்டார்.

"என் பொண்ணோடது. இப்ப வேற ஊர்ல வேலை. பெரிய வில்லு வாங்கிட்டா. இத வித்துடுப்பான்னு விட்டுட்டுப் போயிட்டா."

"அவங்க இடது கையாலயா எழுதுவாங்க?"

"இல்லையே. வலதுதான்."

"எனக்கும் வலதுதான். கண்ணுதான் இடது. அவங்களுக்கும் அப்படித்தான் இருக்கணும். ஒரு வார்த்தை அவங்ககிட்ட கேட்டுடுங்க அண்ணே. பொருள் அவங்களுது. அவங்க சொல்றது எதுவானாலும் எனக்குச் சம்மதம்."

அடுமனைக்காரர் போனை ஒலிபெருக்கியில் போட்டார். நடந்ததைத் தன் போக்கில் சொன்னார். கண்ணாடி, கடிகாரம், ஓட்டல், பாதி முடியோடு ஒரு ஆள், எல்லாம் கலந்து வந்தது. மறுமுனையில் மகள் குறுக்கிட்டாள்.

"அப்பா, நீ போட்டோவ கண்ணாடியிலயா எடுத்த?"

"ஆமா. தூரமா தெரியும்ல?"

"ஐயோ அப்பா." சிறிது நேரம் சிரிப்புச் சத்தம். பிறகு, "அந்த அக்கா பக்கத்துல இருக்காங்களா? அக்கா, எத்தனை நாளா தேடுறீங்க?"

"ஆறு மாசமா."

"நான் ஒரு வருஷம் தேடுனேன். அது கிடைச்ச அன்னிக்கு பஸ்ஸுல அதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டே வந்தேன்." பிறகு அப்பாவிடம் திரும்பினாள். "அப்பா, சுவத்துல எதை வேணா மாட்டலாம். வில்லை அக்காகிட்ட குடு. அக்கா, நாண் பழசாயிருக்கும், மாத்திடுங்க."

கத்தரியக்கா வில்லை மார்போடு அணைத்துக்கொண்டார். அவருக்குப் பதிலாகக் கணவர் போனைப் பார்த்து, "நல்லா இரும்மா" என்றார்.

அலங்காரக்காரருக்குத்தான் ரோஷம் வந்தது. "எதை வேணா மாட்ட முடியாதுங்க. சுவருன்னா லேசா நினைச்சுட்டாங்க. சுவத்துல மாட்டுற பொருள் அந்த இடத்தோட பேசணும். நாளைக்கு ஓட்டல்காரரு வந்து காலி இடத்தைக் காட்டி என்னைத்தான் கேப்பாரு." சொல்லிக்கொண்டே அறைக் கதவு வழியாக அடுமனைக்குள் பார்வையை ஓட்டினார். பார்வை ஓரிடத்தில் நின்றது. அடுப்புக்குள் ரொட்டியைத் தள்ளவும் எடுக்கவும் பயன்படுத்தும் நீளமான மரத் துடுப்பு ஒன்று சுவரோரம் சாய்ந்திருந்தது. விளிம்பெல்லாம் கருகி, பிடி கைபட்டுப் பட்டு வழவழவென்று ஆகியிருந்தது.

"அண்ணே, அது என்ன?"

"பழைய துடுப்பு. முனை கருகிப்போச்சு. அடுப்புக்குள்ள போட்டுடலாம்னு வச்சிருக்கேன்."

"அடுப்புக்குள்ளயா?" அலங்காரக்காரர் எழுந்து ஓடினார். அளவு நாடாவை விரித்துப் பிடித்தார். "ஒரு சாண் அதிகம். பரவால்ல, சாய்ச்சு மாட்டிக்கலாம். அண்ணே, இதைத் தொடாதீங்க. துடைக்கவும் செய்யாதீங்க. அந்தக் கருகல் அப்படியே இருக்கணும்."

"மாவாவது தட்டிக் குடுக்கட்டா?"

"மாவும் இருக்கட்டும்."

அவர் துடுப்பைக் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு போனார். வில்லுக்குப் பேசிய தொகையைக் கொடுத்துவிட்டுக் கத்தரியக்கா வேலையில் இறங்கினார். வில்லை நாற்காலியில் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, நாண் மேல்பட்டைக்கும் கீழ்ப்பட்டைக்கும் சரியாக நடுவில் ஓடுகிறதா என்று பார்த்தார். காதுக்குக் கீழே இரண்டு பக்க முடியையும் இழுத்துச் சமமாக இருக்கிறதா என்று பார்க்கும் அதே பார்வை. விரல் நுனியால் பட்டைகளின் ஓரங்களைத் தடவினார். விரிசல் இல்லை. முறுக்கு இல்லை.

"ஸ்கூட்டர்ல எப்படிம்மா கொண்டுபோறது?" என்றார் கணவர். "உன்னைவிட உயரமா இருக்கு."

கத்தரியக்கா முதலில் நாணைக் கழற்றினார். பிறகு நடுப்பிடியிலிருந்து பட்டைகளை ஒவ்வொன்றாக உருவினார். வில் மூன்று துண்டாகக் கட்டிலில் கிடந்தது. அடுமனைக்காரர் வாயைப் பிளந்தார்.

"இதைக் கழட்டலாமா? வீடு மாறி வந்தப்ப இதை லாரியில மடியில வச்சு, ஜன்னலுக்கு வெளிய நீட்டிக்கிட்டு வந்தேன் தங்கச்சி. வழி முழுக்க எல்லா வண்டியும் ஒதுங்கிப் போச்சு."

சிரிக்கக்கூட நிற்க முடியவில்லை. ஏழு மணிக்கு மைதானத்தில் இருக்க வேண்டும். மூன்று பாகத்தையும் தோளில் கிடந்த துவாலையில் சுற்றி, அவசரத்தில் கையோடு வந்துவிட்ட முடி வெட்டும் போர்வையால் மேலே கட்டி, மடியில் வைத்துக்கொண்டு ஏறினார். திரும்பும் வழியில் கணவரின் முதுகில் தட்டவில்லை. கை இரண்டும் மூட்டையை இறுகப் பிடித்திருந்தன. மழை இரண்டு தூறல் போட்டது. கணவரிடம் கேட்காமலே அவருடைய மழைக்கோட்டை எடுத்து மூட்டையின் மேல் போர்த்தினார்.

"நான் நனையுறேன்" என்றார் கணவர்.

"நீங்க துருப்பிடிக்க மாட்டீங்க."

மைதானத்தில் விளக்கு போட்டிருந்தார்கள். விசில் மேசையில் பட்டியலோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தபால்காரம்மா சீருடையைக்கூட மாற்றாமல் வந்து காத்திருந்தார். கத்தரியக்கா மூட்டையைப் பிரித்ததும் விசில் எழுந்தார். நடுப்பிடியைக் கையில் எடுத்தார். வெட்டைப் பார்த்தார். கத்தரியக்காவைப் பார்த்தார்.

"எங்கம்மா பிடிச்சீங்க?"

"மூணு வாரமா கையிலேயே இருந்துச்சு மாஸ்டர். என் கண்ணுதான் பாக்கல."

விசில் பட்டைகளைப் பிடியில் பொருத்தி, தன் பெட்டியிலிருந்து புது நாண் ஒன்றை எடுத்துப் பூட்டினார். நாணுக்கும் பிடிக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்தார். தலையாட்டினார். ஆனால் பட்டியலில் கை வைக்கவில்லை.

"வில்லு வந்தா போதாது. அதோட உங்களுக்குப் பழக்கம் இருக்கான்னு நான் பாக்கணும். ரெண்டு சுத்து விடுங்க. ரெண்டாவது சுத்துல ஆறுல நாலு மஞ்சளுக்குப் போனா உங்க பேரு."

இலக்கு அட்டையின் நடுவட்டம் மஞ்சள். பயிற்சி வில்லில் ஆறுக்கு நான்கு அவருக்குச் சாதாரணம். இந்த வில்லை அவர் இதுவரை ஒரு முறைகூட எய்ததில்லை. பட்டை பயிற்சி வில்லைவிட விறைப்பு.

இரண்டு விசில் ஊதியதும் கோட்டுக்குப் போனார். ஒரு விசில் ஊதியதும் அம்பைப் பூட்டினார். முதல் அம்பு அட்டைக்கு மேலே பறந்து பின்னால் தொங்கிய வலையில் குத்தியது. தபால்காரம்மா, "அக்கா, பறவை எதுவும் விழலையே?" என்றார். இரண்டாவது அட்டையின் மேல் விளிம்பு. மூன்றாவது அதற்குப் பக்கத்திலேயே. நான்கு, ஐந்து, ஆறு எல்லாம் உயரத்தில்தான் போய்க் குத்தின. ஆனால் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு குத்தின.

கணவர் வேலிக்கு வெளியே நின்று நகத்தைக் கடித்தார். விசில் மட்டும் அட்டையைப் பார்த்து லேசாகச் சிரித்தார். கொத்தாக விழும் அம்பு தப்பு செய்யவில்லை. குறி வைத்த உயரம்தான் தப்பு. கத்தரியக்காவுக்கும் அது தெரிந்தது. வில்லில் குறி பார்க்கும் சிறு வளையத்தை அது ஓடும் கம்பியில் மேலே தள்ளித் திருகினார். வளையம் மேலே ஏறினால் அதைக் குறியில் வைக்கக் கை தாழ வேண்டும், அம்பும் தாழும். மூன்று விசில் கேட்டதும் போய் அம்புகளைப் பிடுங்கிக்கொண்டு வந்தார்.

இரண்டாவது சுற்று. கையைத் தூக்கினார். பத்தொன்பது வருடம் தூக்கிய கை. மழைக்குப் பின் காற்று நின்றிருந்தது. நாண் தாடையில் வந்து ஒட்டியது. விட்டார்.

மஞ்சள்.

அடுத்ததும் மஞ்சள். மூன்றாவது சிவப்பில் போனது, அவர் உதட்டைக் கடித்தார். நான்காவதும் சிவப்பு. ஐந்தாவது சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவில், எல்லைக் கோட்டின் மேலேயே போய்க் குத்தியது. இங்கிருந்து பார்த்தால் யாராலும் சொல்ல முடியாது. ஆறாவது அம்பை எடுத்தபோது அவருக்கு அந்தக் கோட்டைப் பற்றிய யோசனையே இல்லை. வில் கையில் இருக்கும் இன்பம் ஒன்றுதான் இருந்தது. ஆறு மாதம் தேடிய பொருள், கனத்தோடு, பிடியின் சூட்டோடு. விட்டார். அம்பு போய்ச் சேர்ந்த சத்தத்தை வைத்தே மஞ்சள் என்று தெரிந்துவிட்டது.

தபால்காரம்மாதான் முதலில் அட்டைக்கு ஓடினார். கோட்டில் குத்தியிருந்த ஐந்தாவது அம்பைக் குனிந்து பார்த்தார். அம்பு கோட்டைத் தொட்டால் உள்வட்டக் கணக்கு. அவருக்கு அது நன்றாகத் தெரியும், அவரைத் தவிர யாரும் அவ்வளவு பக்கத்தில் இல்லை.

"தொட்டிருக்கு மாஸ்டர்" என்று கத்தினார். "நாலு மஞ்சள்." பிறகு திரும்பி வந்து கத்தரியக்காவின் தோளில் ஒரு அடி வைத்தார். "என் துணி மூட்டையைப் பிரிக்கிற வேலை உன்னோடது."

விசில் பட்டியலில் மூன்றாவது பெயரை எழுதி, படம் எடுத்து அனுப்பினார். மணி ஏழாகச் சில நிமிடங்கள் இருந்தன. கணவர் உள்ளே வந்து வில்லைத் தொட்டுப் பார்க்கக் கை நீட்டினார்.

"கைய கழுவிட்டு" என்றார் கத்தரியக்கா.

அணி சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் கிளம்புகிறது. வெள்ளிக்கிழமை கடை வழக்கம்போலத் திறந்திருக்கும். முதல் தலை வாத்தியாருடையது. கணவருடைய இடது பக்கம் அதற்கு அடுத்து.